வினாடிக்கு எட்டுப் படம்

எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்து, மூன்றாம் மாடி.
பனியன், பாவாடை, பள்ளிச் சீருடை
எல்லாம் இடுப்புயரக் குவியல்.
நடுவில் ஏழு பெண்கள் பிசிறு வெட்டுகிறார்கள்.
உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கு.
எனக்கும் உருப்படிக் கணக்குதான்,
கேமரா ஒன்றுக்கு நானூறு.

உத்தரத்தில் அதை முடுக்கிவிட்டு
அட்டைப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றறுபத்தெட்டு,
ஒன்று, அறுபத்துநாலு.
இந்தக் கதவு எண்ணைத் தட்டினால்
உள்ளேயிருந்து பாஸ்வேர்டு கேட்கும்.

முதலாளி குலசேகரன் போனில் இருந்தார்.
"படம் கண்ணாடி மாதிரி இருக்கணும் தம்பி."
கண்ணாடியை அனுப்ப
டீக்கடை போர்டைச் சுற்றிக்கொண்டு வரும் அந்த ஒயரில் இடமில்லை.
அதனால் ரெண்டு ஸ்ட்ரீம்.
பெரியது இங்கேயே பெட்டியில் பதிய,
சின்னது அவர் கைப்பேசிக்கு.

இருபத்தைந்து பிரேமை எட்டாகக் குறைத்தேன்.
மல்லேஸ்வரியின் கத்திரி
ஒரு படத்தில் திறந்திருக்கிறது.
அடுத்ததிலும் திறந்திருக்கிறது.
அதற்கடுத்ததிலும்.
மூடியதற்குச் சாட்சியே இல்லை,
நூல் மட்டும் மடியில் விழுந்துகொண்டிருக்கிறது.

கேமரா கஞ்சன்.
சுவரை ஒருமுறை அனுப்பிவிட்டால் மறுபடி அனுப்பாது.
அசைந்தது எதுவோ அதை மட்டும் சொல்லும்:
விரல், விரல், முந்தானை, விரல்.
ரெண்டு நொடிக்கு ஒருதரம்தான்
மொத்த அறையையும் நினைத்துப் பார்க்கும்.
மற்ற நேரத்தில்
இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிராமல் இருப்பவளும்
அதற்குச் சுவர்தான்.

"அப்பால, பேச்சு வேணும்" என்றார்.
"என்னா பேசிக்கிறாளுங்கன்னு தெரியணும்."

ஆடியோ. ஆன்.
நாற்பத்தெட்டாயிரம், பதினாறாயிரம், எட்டாயிரம்.
ஒயரை ஒருமுறை பார்த்துவிட்டு
எட்டாயிரத்தில் வைத்தேன்.
ஹெட்போனில் மின்விசிறி பெருமழையாகப் பெய்தது.
எட்டாயிரத்தில் உரசும் எழுத்துகள் உதிர்ந்துவிடும்.
மைமூன் சம்பளம் என்றாள்,
எனக்கு அம்பளம் என்று கேட்டது.
சனிக்கிழமை அனிக்கிழமை ஆனது.
கத்திரியின் கிச் போய்
எங்கோ யாரோ விரல் சொடுக்குவது போல ஒரு டொக்.

"இன்னா தம்பி, அது கண்ணா காதா?"
மல்லேஸ்வரி தலை தூக்காமல் கேட்டாள்.
ரெண்டும்தான்க்கா என்றேன்.

அதோடு சரி.
ஏழு வாயும் மூடிக்கொண்டன.

"சவுண்டே வரலியே. மைக்கு பால்டா?"
அறுபதை எண்பதாக்கினேன்.
எண்பதை நூறாக்கினேன்.
நூறில் கேமரா
தன் வயிற்று இரைச்சலையே
தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.
யாரும் பேசல சார்.
"பொம்பளைங்க பேசாம இருப்பாளுங்களா?
எங்க, நீ பேசிக் காட்டு."

உத்தரத்தை அண்ணாந்து பார்த்து நின்றேன்,
மழை வருமா என்று பார்ப்பவன் மாதிரி.
ஹலோ. மைக் டெஸ்ட். ஒன்னு ரெண்டு மூணு.
மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஹலோ, வண்ணாரப்பேட்டை.

தேவகிருபைதான் முதலில் வெடித்தாள்.
பிறகு ஏழு பேரும்.
நூறில் இருந்த மைக் தாங்கவில்லை,
அலை உச்சியில் இடித்து மழுங்கியது.
சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து,
அடுத்த பாவாடையை எடுத்து மடியில் போட்ட பிறகுதான்
அந்தச் சிரிப்பு அவரிடம் போய்ச் சேர்ந்தது.
"யார்ரா அது சிரிக்கிறது?"

அவர் கைப்பேசியில்
ஒவ்வொரு முகமும் நாலைந்து கட்டம்.
ஏழும் குனிந்திருக்கும்.
என் முன்னால் பெரிய ஸ்ட்ரீம் ஓடியது,
கிருபையின் பல்லிடுக்கு வரைக்கும் தெரிந்தது.
தெரியல சார் என்றேன். நெட்டு ஸ்லோ.

மைக்கை அறுபதுக்கே இறக்கி
சேமி என்பதை அழுத்தினேன்.
அணைந்து எழும்ப நாப்பது செகண்டு ஆகும்.
வாய்விட்டுத்தான் சொன்னேன்,
போனுக்குச் சொன்னேனா அறைக்குச் சொன்னேனா என்று
இப்போதும் நிச்சயமில்லை.

சிவப்பு விளக்கு அணைந்தது.
மைமூன் காலை நீட்டினாள்.
யாரோ முதுகைச் சுவரில் சாய்த்தார்கள்.
சம்பளம் பற்றி ஒருத்தியும் பேசவில்லை.
தேவகிருபை மட்டும்
வாய் நிறையக் கொட்டாவி விட்டாள்,
முழுசாக, ஒரு பிரேமும் விடாமல்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் கூவியது.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.